பாபின் தொங்கும் சாவி

அத்தியாயம் ஒன்பது

ஆணியில் சாவி இல்லை.

மாமியார் முதலில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு துணி மடிக்கிற சாக்கில் கூடத்துக்கு வந்து பார்த்தார். கடைசியில் கிட்டே போய், தூசி தட்டுகிறவர் மாதிரி ஆணியைத் தடவியே பார்த்துவிட்டார். அந்தக் கார் சாவியில் சிவப்பு நூல் சுற்றிய பாபின் ஒன்று தொங்கும். தையல் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, மாமியார் தன் மெஷினிலிருந்து கழற்றிக் கொண்டு வந்த பாபின். அது இல்லாத ஆணி மொட்டையாகத் தெரிந்தது.

சாவி எங்கே என்று கேட்கவே வேண்டியதில்லை. மாமனாரின் சட்டைப்பை விளிம்பில் சிவப்பு நூல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நேற்று அடித்த புயல் இன்னும் ஓயவில்லை என்று தெரிந்தது.

நேற்று நடந்தது இதுதான். மாமியார் தன் எலெக்ட்ரிக் காரில், நிறைமாதமாக இருக்கும் மகளை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மேம்பாலத்தின் இறக்கத்தில், வளைவுக்கு நட்டநடுவில், பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருக்க, ஸ்டியரிங் திடீரென்று கல்லாகக் கனத்துவிட்டது. எதிரே ஸ்டியரிங் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. எப்படியோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வண்டியைக் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் விட்டபோது, தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

மாமனாருக்கு அது போதும். மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவர் இப்படி ஒரு நாளுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

"பொம்பளை கைக்கு ஸ்டியரிங் அடங்குமா? பூப் பறிக்கிற மாதிரி புடிச்சா அப்படித்தான்" என்று ஆரம்பித்தவர், இனி அந்த வண்டியை யாரும் தொடக் கூடாது, நாளை சாயங்காலமே புரோக்கர் வந்து எடுத்துக்கொண்டு போவான் என்று தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டார். வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கும் மகனுக்குப் போன் போட்டார்கள். அவன் வழக்கம்போல, அப்பா சொல்வதும் சரி, அம்மா சொல்வதும் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

இத்தனைக்கும் மாமனாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பெரிய ஆபீஸ் கட்டடம் ஒன்றில் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் ஓட்டுவதைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. காரில் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிரேக் போடு, ஹார்ன் அடி, அவனை விடு, இவனை முந்து என்று வீடு வந்து சேரும்வரை ஓட்டிக்கொண்டே வருவார்.

மாமியார் நேற்று ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. கம்பெனியில் ஒரு லைன் முழுக்க, வரிசையாக மெஷினில் இருந்த பெண்களைக் கட்டி மேய்த்தவர் அவர். வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவர். இப்போது வாளியில் தண்ணீரும் தேய்க்கிற பிரஷும் எடுத்துக்கொண்டு, கார் நிறுத்தும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே சிமெண்டுத் தரையில், முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தில், கறுப்பாக இரண்டு விசிறி மாதிரி டயர் கறை.

"நான் நேராத்தான் உள்ள வரேன். நேராத்தான் வெளிய போறேன். இந்தக் கறை எங்கிருந்துதான் வருதோ" என்று முனகிக்கொண்டே தேய்த்தார். அது ஒன்றும் புதுப் புலம்பல் இல்லை. ரொம்ப நாளாக நடப்பதுதான்.

மருமகள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அத்தை, வண்டிய எங்க ஒர்க்‌ஷாப்புக்கு ஏத்திட்டுப் போறேன்."

"எதுக்கு? விக்கத்தான போறாங்க."

"விக்கறதோ வச்சுக்கறதோ அப்புறம். தப்பு உங்க கையா, வண்டியான்னு எனக்குத் தெரியணும்."

மாமியார் தேய்ப்பதை நிறுத்தினார். "என் கைன்னா என்கிட்ட நேராவே சொல்லிடு. பூசி மெழுகாத" என்றார். குரல் சற்றே கம்மியது.

கல்யாணமான புதிதில் இதே மாமியார், சொந்தக்காரர்கள் கேட்டால், மருமகள் கார் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்றுதான் சொல்வார். கிரீஸ் பட்ட யூனிஃபார்மைத் தெருப்பக்கக் கொடியில் காயப்போட விடமாட்டார். அவள் மெக்கானிக் என்பது இன்றுவரை இந்த வீட்டில் பாதி ரகசியம். அது வேறு கதை. இப்போது அதே மாமியார் தன் மானத்தை அந்த மெக்கானிக்கிடம்தான் ஒப்படைக்கிறார்.

மாமனார் தடுக்கவில்லை. ரிப்பேர் ஆனால் புரோக்கர் மூக்கைச் சுளிக்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருப்பார். மாற்றுச் சாவியை, தன் மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாற்றுச் சாவி மாத்திரை டப்பாவில் என்ன செய்கிறது என்று கேட்க மருமகளுக்கு அப்போது தோன்றவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் அவளை எல்லோரும் 'வோல்டேஜ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாளிலேயே, பியூஸ் போனதற்கு மோட்டாரைக் கழற்றப் போன ஒருவரைத் தடுத்து நிறுத்தியதில் கிடைத்த பெயர். எலெக்ட்ரிக் வண்டிகள் நிற்கும் பகுதியில் இரண்டாவது மேடை அவளுடையது.

வண்டியை ஏற்றியதும் முதல் வேலையாக ஸ்கேனரை மாட்டினாள். வண்டிக்கும் ஞாபகசக்தி உண்டு. கோளாறு வந்த கணத்தில் என்ன வேகம், யார் என்ன செய்தார்கள் என்று கொஞ்சமாவது வைத்திருக்கும். மனுஷர்கள் மாதிரி மாற்றிச் சொல்லாது.

திரையைப் படிக்கப் படிக்க அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஸ்டியரிங் உதவி போனது வளைவின் நடுவில். அந்த இடத்தில் பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் பின்னால் வந்த லாரி ஏறியிருக்கும். ஸ்டியரிங்கை வெட்டி இழுத்திருந்தால் பாலத்துச் சுவர்தான். இரண்டும் நடக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டிருக்கிறது. வேகம் படி இறங்குகிற மாதிரி சீராக இறங்கியிருக்கிறது. நான்கு பக்க விளக்கும் போடப்பட்டிருக்கிறது. சக்கரம் வளைவோடு வளைவாக, ஒரு பிசிறு இல்லாமல் திரும்பி, ஓரத்தில் போய் நின்றிருக்கிறது.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த ஃபோர்மேன், யார் ஓட்டியது, கம்பெனி டிரைவரா என்று கேட்டார்.

"எங்க அத்தை" என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு வந்த பெருமை, தனக்கு முதல் சம்பளம் வந்தபோதுகூட வந்ததில்லை.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். நேற்றிலிருந்து அறையிலேயே படுத்திருப்பவள். பயந்து போயிருக்கிறாள், பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று மாமனார் எல்லோரையும் விலக்கி வைத்திருந்தார்.

"நான் பயந்தேன்னு யார் சொன்னா அண்ணி? என்கிட்ட யாருமே கேக்கலையே" என்றாள் அவள். "அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. நீ வயித்தப் புடிச்சுக்கோ, வண்டிய நான் புடிச்சுக்கறேன்னு. அப்புறம் எனக்கு என்ன பயம்?"

ஓட்டியவர் கையில் தப்பில்லை. அப்படியானால் வண்டியில் எங்கே தப்பு?

எலெக்ட்ரிக் கார் என்றால் அடியில் இருக்கும் பெரிய பேட்டரி ஒன்றுதான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது சக்கரத்தை ஓட்டத்தான். விளக்கு, வைப்பர், ரேடியோ எல்லாவற்றுக்கும், மற்ற கார்களில் இருக்கிற மாதிரியே, முன்பக்கம் ஒரு சின்ன பேட்டரி தனியாக உண்டு. ஸ்டியரிங்கை லேசாக்கித் தருகிற மோட்டாரும் அதை நம்பித்தான் இருக்கிறது. சின்னது தகராறு செய்தால், பெரியது முழுக்க நிரம்பி இருந்தாலும் ஸ்டியரிங் கனத்துவிடும். அடியோடு பூட்டிக்கொள்ளாது. சக்கரம் திரும்பும். மோட்டார் செய்த வேலையைக் கை செய்ய வேண்டும், அவ்வளவுதான். தெரியாதவர்கள் அந்த ஒரு நொடியில் எல்லாம் போச்சு என்று கையை விட்டுவிடுவார்கள்.

மருமகள் முன்பக்கத்தைத் திறந்தாள். சின்ன பேட்டரி வீக்காக இருந்தது. அது கிடக்கட்டும் என்று டெர்மினலைத் தொட்டாள். பேட்டரியின் குமிழை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய அந்த வளையம், ஆடுகிற பல் மாதிரி ஆடியது. நட்டு கையால் முடுக்கியதோடு நிற்கிறது. ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை.

வளையத்துக்கும் குமிழுக்கும் நடுவில் ஏதோ பளபளத்தது. குறட்டால் மெல்ல இழுத்தாள்.

மாத்திரை அட்டையின் வெள்ளித் தகடு. நான்காக மடித்து, இடைவெளியில் செருகியிருந்தது.

அவளுக்குக் காது சூடானது. இந்த மடிப்பை அவள் நன்றாக அறிவாள். டிவி ரிமோட்டில் பேட்டரி ஆடினால் இதே மடிப்பு. சுவர்க் கடிகாரம் நின்றால் இதே மடிப்பு. ஆடுகிற சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியிலும் இதே மடிப்பு. பிரஷர் மாத்திரையின் வெள்ளித் தகட்டை ஒரு நாளும் குப்பையில் போடாமல், உலகத்தில் ஆடுகிற எல்லாவற்றையும் அதை வைத்தே நிறுத்திவிடலாம் என்று நம்புகிற ஒரே ஒரு மனிதரைத்தான் அவளுக்குத் தெரியும்.

ஆனால் அவர் ஏன் காரின் முன்பக்கத்தைத் திறந்தார்? ஏன் சொல்லவில்லை? அது மட்டும் பிடிபடவில்லை.

புது பேட்டரி போட்டாள். டெர்மினலைச் சுத்தம் செய்து, ஸ்பேனர் வைத்து முடுக்கினாள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிச் சோதித்தாள். ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மேடும் பள்ளமுமான பின் சாலையில் நெடுநேரம் ஓட்டிப் பார்த்தாள். விளக்கு மறுபடி எரியவே இல்லை. ஃபோர்மேன் தலையசைத்த பிறகுதான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள்.

வந்து நிறுத்துவதற்கு முன், விளக்கு வெளிச்சம் சிமெண்டுத் தரையில் விழுந்தது. காலையில் அத்தை தேய்த்தும் போகாத அந்த இரண்டு விசிறிக் கறை. கொஞ்ச நேரத்துக்கு முன் ஒர்க்‌ஷாப் தரையில், நின்ற வண்டியின் ஸ்டியரிங்கைத் தானே திருப்பியபோது விழுந்ததும் அதே மாதிரிக் கறைதான்.

மருமகளுக்கு எல்லாம் ஒரு சேரப் புரிந்தது. மாத்திரை டப்பாவில் இருந்த மாற்றுச் சாவியும் புரிந்தது.

புரோக்கர் இன்னும் வரவில்லை. மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் போய்த் தகட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மாமா, இது பேட்டரில இருந்துச்சு."

அவர் முகம் சுண்டிப் போனது. தகட்டைப் பார்த்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார்.

"டெர்மினல் லூஸ்னு மட்டும்தான் நான் சொல்லுவேன். யார் லூஸ் பண்ணாங்கன்னு என் வாயால வராது" என்றாள் மருமகள். "ஆனா அத்தை நேத்துலேருந்து தன் கையைத் தானே சந்தேகப்படறாங்க மாமா. அத என்னால பாக்க முடியல."

அவர் பதில் சொல்வதற்குள் புரோக்கரின் பைக் வந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

புரோக்கர் வாய்ச் சாமர்த்தியக்காரர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரை உதைத்து, கதவை இரண்டு தரம் அறைந்து சாத்தினார். யார் ஓட்டுகிற வண்டி என்று கேட்டார். வாசலுக்கு வந்திருந்த மாமியார், நான்தான் என்றார்.

"அதான பாத்தேன்" என்று புரோக்கர் மாமனாரைப் பார்த்துக் கண்ணடித்தார். "பொம்பளை கைக்கு ஸ்டியரிங் அடங்குமா சார்? சும்மா பூப் பறிக்கிற மாதிரி புடிச்சா..."

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நேற்று தன் வாயிலிருந்து வந்தபோது நியாயமாக இருந்த பேச்சு, இன்னொருத்தன் வாயிலிருந்து வரும்போது நாறியது.

"வண்டி விக்கறதுக்கு இல்ல" என்றார்.

"சார், நீங்கதான போன்ல..."

"நான்தான் சொன்னேன். நானேதான் இப்பவும் சொல்றேன். தப்பு அவ கைல இல்ல. என் கைல."

தகட்டை நீட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல், தரையில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். மனைவி மத்தியானம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்காருவாராம். காலில் எதையும் மிதிக்காமல் பட்டனை அமுக்கினால், வண்டி கிளம்பாது, ஆனால் ஸ்டியரிங் லேசாகத் திரும்பும் என்று கண்டுபிடித்தாராம். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். மாதக் கணக்கில் இப்படி நின்ற இடத்திலேயே ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். சின்ன பேட்டரியின் உயிரை உறிஞ்சுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. போன வாரம் அது படுத்துவிட்டது. மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவசர அவசரமாகக் கழற்றி, முனைக் கடையில் சார்ஜ் ஏற்றி, திரும்ப மாட்டியிருக்கிறார். வளையம் ஆடியது. ஸ்பேனர் இல்லை. சட்டைப்பையில் தகடு இருந்தது.

"கேட்டா சிரிப்பியோன்னு சொல்லல" என்றார் மனைவியிடம். "அத்தன வருஷம் லிஃப்ட்ல நின்னேன். மேல போகும், கீழ வரும். ஒரு தடவகூட நான் எதையும் திருப்பினதில்ல. நீ தெருமுனைல திருப்பி வர்றத தினமும் ஜன்னல்லேருந்து பார்ப்பேன். எனக்கு... பொறாமையா இருந்துச்சு."

மாமியார் சிரிக்கவில்லை. கோபம் வந்தது, வந்த கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. மகளும் வயிற்றில் பிள்ளையுமாக அந்த வளைவில் போனதை நினைத்தபோது அவர் உதடு துடித்தது.

"தப்பாத் தைச்சது ஒருத்தர், திட்டு வாங்கினது இன்னொருத்தர்னு லைன்ல நிறையப் பாத்திருக்கேன்" என்றார் மெதுவாக. "தைச்சவங்களே வந்து ஒத்துக்கிட்டா, மன்னிக்கறதோட விடமாட்டேன். பக்கத்துல உக்காரவச்சு ஒழுங்காச் சொல்லிக் குடுப்பேன். லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்க. அதுக்கு முன்னாடி டிரைவர் சீட்ல உங்களப் பாத்தேன், அவ்வளவுதான்."

அசடு வழிய நின்ற மாமனாரின் கண் கலங்கியிருந்தது.

புரோக்கர் விடுவதாக இல்லை. என்ன இருந்தாலும் ஸ்டியரிங் கோளாறு வந்த வண்டி, யாரோ தெருமுனை மெக்கானிக் கை வைத்தால் மறுபடி வராது என்று என்ன நிச்சயம் என்று இழுத்தார்.

மாமியார் திரும்பினார். எதிர்வீட்டு வாசலில், பக்கத்து வீட்டு மாடியில், நேற்று வேடிக்கை பார்த்த அத்தனை பேரும் இன்றும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்பது போல் குரலை உயர்த்தினார்.

"கை வச்ச மெக்கானிக் இதோ நிக்கிறா. என் மருமக. அவ முடுக்கினது ஆடாது."

மருமகள் குனிந்து தன் யூனிஃபார்மில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அதை ஒளித்து வைத்த வீட்டு வாசலில், அது இப்போது மெடல் குத்திய இடம் மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து நாத்தனார் வந்தாள். ஒரு கை நிலைக்கதவில், ஒரு கை இடுப்பில். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"அம்மா, எழுதிப் போடறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கு இப்ப வண்டி வேணும்."

மாற்றுச் சாவி மருமகள் கையில்தான் இருந்தது. அவள் அதை நீட்டவில்லை. மாமனாரையே பார்த்தாள்.

அவர் சட்டைப்பையில் கைவிட்டு, சிவப்பு நூல் சுற்றிய பாபினைப் பிடித்து இழுத்தார். சாவியை மனைவியின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தானே மடித்து மூடினார்.

"நீயே ஓட்டு" என்றார்.

புரோக்கர் பைக்கை நகர்த்துவதற்குள் மாமியார் நாலு தரம் ஹார்ன் அடித்துவிட்டார். மகளும் மாமனாரும் பின்சீட்டில், மருமகள் முன்னால். வண்டி ஒரே திருப்பில் தெருவுக்கு வந்தது. ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது.

"டைட்டா முடுக்கினியாம்மா?" என்று பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்.

"முடுக்கினேன் மாமா. ஓட்டியும் பாத்தேன்."

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. பிரேக் போடு என்று சொல்லவில்லை, ஹார்ன் அடி என்று சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சிக்னலில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனால் மேம்பாலத்தைத் தொடாமல் சுற்றிப் போகலாம், ஆனால் அந்தச் சாலையில் இந்த நேரத்தில் வண்டிகள் நகராது. நேராகப் போனால் ஆஸ்பத்திரி சீக்கிரம் வந்துவிடும். நடுவில் அதே பாலம், அதே வளைவு.

பின்சீட்டில் நாத்தனார் வலியில் முனகினாள். மருமகள் அத்தையைப் பார்த்தாள்.

"நீ வயித்தப் புடிச்சுக்கோடா கண்ணு" என்றார் மாமியார் கண்ணாடியில் மகளைப் பார்த்து. பச்சை விளக்கு விழுந்தது. வண்டி பாலத்தின் மேல் ஏறியது.